ஒண்டி ஆள் மிஷின்

மீஞ்சூரில் டிராக்டர் சாமான்கள் செய்து விற்கும் இசக்கிப்பாண்டி முதலில் கேட்டதே அந்தக் கேள்வியைத்தான்.

“விறகு பொளக்கையில எத்தன ஆளு நிப்பியக்கா?”

சில்வியா அப்போதுதான் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கியிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள். துணியில் கரி அப்பியது. திருவொற்றியூரிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவளே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். மரம் பிளக்கும் மிஷினை டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் பார்த்துத்தான் கொடுக்க முடியும், வண்டியோடு வாருங்கள் என்று இசக்கிப்பாண்டி போனில் சொல்லியிருந்தான். மணலி புதுநகர் திருப்பத்தில் ஒரு லாரிக்காரன் தலையை நீட்டி, “இன்னாம்மா, கடல உழுதுட்டு வர்றியா?” என்று கத்திவிட்டுப் போனான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதை ரமாபாயிடம் சொல்ல வேண்டும் என்று மனம் உடனே எடுத்து வைத்துக்கொண்டது. சிரிப்பு அதோடு நின்றது. இப்படி எடுத்து வைத்தவை கொஞ்ச நாளாகச் சேர்ந்துகொண்டே போகின்றன.

“ரெண்டு பேரு,” என்றாள்.

சொன்ன பிறகு, அது பொய்யா என்று யோசித்தாள். பொய்யில்லை. வேலையை விட்டு நின்றுவிட்டேன் என்று இன்னும் யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

மாமனார் காலத்திலிருந்து அவர்களுக்கு விறகுத் தொட்டிதான் தொழில். கப்பலில் சரக்கு நகராமலிருக்க முட்டுக் கொடுத்து வரும் கட்டைகளையும் புயலில் சாய்ந்த மரங்களையும் எடுத்து, பிளந்து, அடுக்கி, பிரியாணி மாஸ்டர்களுக்கு விற்பது. கணவன் லியோனார்ட் போன பிறகு சில்வியா அதை எடுத்து நடத்தினாள். கட்டை அடுக்க வந்தவள்தான் ரமாபாய். வியாசர்பாடியிலிருந்து பஸ் மாறி வருவாள். சில்வியாவின் வயதுதான். கோடாலிக்காரர்கள் ஒவ்வொருவராக குடோன் வேலைக்குப் போய்விட்டபோது, “அவனுங்கள இன்னாத்துக்குக் கெஞ்சிகினு கீற? ஆப்பு கீது, சம்மட்டி கீது, ரெண்டு பொம்பள கீறோம்” என்று சொன்னவளும் அவள்தான்.

அன்றிலிருந்து சில்வியா ஆப்பைப் பிடித்தாள், ரமாபாய் அடித்தாள். ஆப்பு மரத்தைக் கவ்வும்வரை பிடித்த கையை எடுக்க முடியாது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ரமாபாய் “கையி” என்பாள். விரல் எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டு “கீது” என்பாள் சில்வியா. பிறகுதான் சம்மட்டி இறங்கும். சில நாட்கள் காலையிலிருந்து மாலைவரை அந்த இரண்டு சொல்லைத் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை. அத்தனை வருஷத்தில் சில்வியாவுக்கு ஒரு நகம்கூடக் கறுத்ததில்லை.

பேசத் தொடங்கினால் ரமாபாயை நிறுத்த முடியாது. அவளுக்கு சில்வியா ‘சிலுவ’. “சில்வியாவாம். பெரிய தொரசானி. ஒன்னச் சொமக்குறதே எனக்கு வேலயாப் பூட்ச்சு, நீ சிலுவதான்.”

மிஷின் வாங்கும் யோசனையும் அவளுடையதே. மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இருவரும் போனில் மரம் பிளக்கும் வீடியோக்களைப் பார்ப்பார்கள். டிராக்டரின் பின்னால் இரும்புக் கத்தி மெதுவாக நகர, பெருத்த அடிமரம் வாயைத் திறந்து இரண்டாகும். “ஐய, கேக்கு வெட்ற மாரி கீது பாரு” என்பாள் ரமாபாய். “லீவரு எனக்கு. நீ கட்டய வெய்யி. இப்பவே சொல்லிட்டேன், அப்பால தகராறு பண்ணக் கூடாது.”

பங்குனியில் மகள் மகிழினியின் பிரசவத்துக்கென்று ஓசூர் போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகச் சொன்னாள். ஆடி போய் ஐப்பசி வந்துவிட்டது. மகிழினி கம்பெனி வேலைக்குத் திரும்பினால் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பது சில்வியாவுக்குத் தெரியாததல்ல. வாரம் ஒருமுறை போனில் பேசினார்கள். எப்போது வருகிறாய் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

லியோனார்ட் இறந்தபோது வீடு கொள்ளாமல் ஆட்கள் வந்தார்கள். ராயபுரம் சர்ச்சில் பூசை, ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று துக்கத்துக்கும் ஒரு வழி போட்டு வைத்திருந்தார்கள். அவள் பாட்டுக்கு அதில் நடந்தால் போதுமாயிருந்தது. அவள் அழுதால் எதற்கென்று எல்லோருக்கும் விளங்கியது. இதற்கு அப்படி யாரும் வரவில்லை. வருவதற்கு என்ன நடந்துவிட்டது? தொட்டியில் வேலை செய்யும் பொம்பளை மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒருநாள் அக்கா ஜானட்டின் வீட்டில், “ரமா இல்லாம ஒரு மாரி கீதுக்கா” என்று சொல்லிப் பார்த்தாள். “ஆளுதானேடி, வேற ஆளு வெச்சுக்கோ,” என்றாள் ஜானட், சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே. அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று சில்வியாவுக்குத் தெரியவில்லை. புருஷன் என்றால் புருஷன், தங்கை என்றால் தங்கை. ரமாபாயை என்னவென்று சொல்வது?

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது இன்னொன்றும் உறைத்தது. ரமாபாய் எத்தனையோ முறை தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று இவள்தான் தள்ளிப்போட்டாள். ஞாயிறுகளில் பூசை முடித்து வந்து மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொள்வாள். வியாசர்பாடியில் அந்த வீட்டின் கதவு என்ன நிறம் என்று இவளுக்குத் தெரியாது. சம்பளம் கொடுத்தவள் நான்தானே என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

இசக்கிப்பாண்டியின் தகரக் கொட்டகையில் மிஷின்கள் இரண்டு நின்றன. இரண்டும் சிவப்பு பெயின்ட்.

“இது படுக்க வச்சுப் பொளக்கது. ரெண்டு ஆளுக்கு,” என்றான். “ஒருத்தர் கட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டே இருக்கணும், இன்னொருத்தர் லீவர இழுத்துக்கிட்டே இருக்கணும். வேல பறக்கும்.” அடுத்ததைத் தட்டினான். “இது நிக்க வச்சுப் பொளக்கது. கட்டைய உருட்டிட்டு வந்து நிப்பாட்டுனாப் போதும், தூக்க வேண்டாம். இந்தப் பல்லு ரெண்டும் கட்டையப் புடிச்சுக்கிடும். லீவரு ரெண்டு இருக்கு பாருங்க, ரெண்டு கையும் ரெண்டுலயும் இருந்தாத்தான் கத்தி எறங்கும். ஒரு கைய எடுத்தியன்னா அப்படியே நின்னுரும். ஒத்த ஆளு மிஷின்.”

“வெல?”

“பெரிசா வித்தியாசம் இல்லக்கா. வெலய வச்சு முடிவு பண்ணாதிய. ஆள வச்சுப் பண்ணுங்க.”

விலையாவது வித்தியாசப்பட்டிருக்கலாம் என்று நினைத்தாள். அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

“ரெண்டு ஆளு மிஷினயே ஓட்டிக் காட்டேன்.”

அவன் அதை டிராக்டரில் மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, லீவர் பக்கம் போய் நின்றான். சில்வியா ஒரு வேப்பங்கட்டையைத் தூக்கி மேலே வைத்தாள். வைத்த கையை அவள் முழுக்க எடுக்கும் முன்பே இரும்பு நகர்ந்தது. துள்ளிப் பின்னால் வந்தாள். கட்டை படீரென்று பிளந்து விழுந்தது.

“பயந்துட்டியளா? கை தூரத்துலதான இருந்துச்சு. நாம் பாத்துக்கிட்டுத்தாம் இருந்தேன்.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அதில் பொய்யில்லை.

“சொல்லிட்டு இழுக்கணும்பா.”

“என்னன்னு சொல்லணும்?”

அந்தச் சொல்லை அவனிடம் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. “இன்னாத்தயாச்சும் சொல்லு.”

அடுத்த கட்டையை வைத்ததும் அவன் பஸ் கண்டக்டர் போல, “போலாம் ரைட்!” என்றான். அவளும் சிரித்துவிட்டாள். கட்டை அழகாகப் பிளந்தது. அடுத்ததும் பிளந்தது. இவனோடுகூட வேலை செய்யலாம் போலிருந்தது. யாரோடும் செய்யலாம். ஜானட் சொன்னது சரி, ஆள் கிடைப்பார்கள். அவர்களும் கையைப் பார்த்துத்தான் இழுப்பார்கள். அவள் மனதுக்குள் இந்த மிஷினை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் லீவர் பக்கம் நின்ற முகம் ஒன்றுதான்.

“அந்த இன்னொரு ஆளு யாருக்கா? அவுகளுக்கு லீவர் எட்டுமான்னு பாக்கணும்லா.”

“கேட்டுச் சொல்றேன்,” என்று போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே புங்க மரத்தடிக்குப் போனாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைக்கையில் ரமாபாய் எடுத்தாள்.

“இன்னா சிலுவ, இந்நேரத்துல? தொட்டி தொறக்கல?”

“மீஞ்சூர்ல கீறேன். மிஷினு பாக்க வந்தேன்.”

“அடிப்பாவி, நெசமாவா? எதுல போன?”

“நம்ம டிராக்டர்லதான். வர்ற வய்யில ஒரு லாரிக்காரன், கடல உழுதுட்டு வர்றியான்னு கேக்குறான்.”

ரமாபாய் சிரித்த சிரிப்பில் போன் இரைந்தது. “நீ இன்னா சொன்ன?”

“இன்னாத்த சொல்றது? அவன் பூட்டான்.”

“நான் இருந்திருந்தா குடுத்திருப்பேன்.”

“தெரியும்.”

சில்வியா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ரெண்டு மிஷினு கீது ரமா. ஒண்ணு ரெண்டு ஆளு ஓட்றது. இன்னொண்ணு ஒண்டியா ஓட்றது.”

இசக்கிப்பாண்டி சொன்னது அவள் வாயில் வேறாக வந்துவிட்டது. ஒத்தை என்று அவன் சொன்னபோது அது ஓர் எண்ணாக மட்டும் இருந்தது. ஒண்டி என்றதும் தொட்டியின் தகரக் கதவும், சாயங்காலமும், ஒரு தட்டில் போட்ட சோறும் கூடவே வந்து நின்றன.

“எத்த வாங்கட்டும்?”

தூளி கட்டிய கம்பி கிறீச்சிடுவது கேட்டது. ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

“ரெண்டு ஆளு மிஷினு எப்டி கீது?”

“ஸோக்கா கீது. நல்ல வேகம்.”

“ம்.” தூளி இன்னும் கொஞ்சம் ஆடியது. “அந்த ஒண்டி மிஷினுல கை மாட்டிக்காதா?”

“மாட்டிக்காதாம். ரெண்டு கையும் லீவர்ல இருந்தாதான் கத்தி எறங்குமாம்.”

“ஓட்டிப் பாத்தியா?”

“இன்னும் இல்ல.”

“பாரு. ஒரு கைய எடு, நிக்குதான்னு பாரு. அப்பால அந்தக் கைய எடு. விக்கிறவன் சொல்றான்னு நம்பிகினு வந்துடாத.” ரமாபாய் மூச்சு விட்டாள். “நின்னுச்சுன்னா அத்தயே வாங்கிக்கோ சிலுவ. ஒண்டி மிஷினே வாங்கிக்கோ.”

கும்மிடிப்பூண்டி ரயில் ஒன்று கொட்டகைக்குப் பின்னால் போயிற்று. அது போகும்வரை எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. அப்போ நீ வர மாட்டியா என்ற கேள்வி சில்வியாவின் நாக்கில் இருந்தது. ஓசூரில் ரமாபாயும் அதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் பொய் சொல்ல வேண்டும். இரண்டையும் அவள் வாயிலிருந்து பிடுங்குவானேன்?

“நானும் அதான் நெனச்சேன்,” என்றாள் சில்வியா. “கட்டயத் தூக்க வேணாமாம். உருட்டுனாப் போதுமாம்.”

“பாத்தியா! ஒன் இடுப்புக்கும் நல்லது.” ரமாபாயின் குரல் சட்டென்று இளகிவிட்டது. “நான் இதத்தான் சொல்லலாம்னு இருந்தேன், நீ கோச்சிக்குவியோன்னு...”

அந்த நிம்மதியைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் கஷ்டமாயிருந்தது. “நான் இன்னாத்துக்குக் கோச்சிக்கிறேன்? பாப்பா இன்னா பண்றா?”

“கையக் கடிச்சிகினு கீறா. பல்லு வருது. நேத்து என் மூக்கக் கடிச்சிட்டா, பிசாசு.” குழந்தை சிணுங்கியது. “எய்ந்துட்டா பாரு. வெக்கட்டா?”

“வெய்யி.”

கொட்டகைக்குள் வந்து, ஒண்டி ஆள் மிஷினை மாட்டச் சொன்னாள். புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தின் அடிக்கட்டை ஒன்றை உருட்டி வந்து நிறுத்தினாள். பல் இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டன. இரண்டு லீவரையும் அழுத்தினாள். கத்தி இறங்கத் தொடங்கியது. இடது கையை எடுத்தாள். நின்றது. மறுபடி அழுத்தி வலது கையை எடுத்தாள். நின்றது. இன்னொரு முறையும் செய்து பார்த்தாள்.

“என்னக்கா, எம்மேல நம்பிக்க இல்லயா?”

“பாக்கச் சொல்லி அனுப்பிச்சிருக்காங்க,” என்றாள்.

பிறகு கையை எடுக்காமல் அழுத்தினாள். கட்டை நார் நாராக முனகி இரண்டாகச் சாய்ந்தது. குறை சொல்ல எதுவுமில்லை. “இதயே குடுத்துடு,” என்றாள்.

இசக்கிப்பாண்டி பின்களைச் சரிபார்த்து, சங்கிலியை இறுக்கினான். “பின்னால கனம் கூடிருச்சு. முன்சக்கரம் தரையில சரியாப் பதியாது. ஸ்டீயரிங்கு சும்மா சுத்துத மாதிரி இருக்கும், பயந்துராதிய. மெதுவாப் போங்க.” முன்பக்கம் இரண்டு மணல் மூட்டைகளை வைத்துக் கயிற்றால் கட்டிவிட்டான். “இது வீட்டுக்குப் போய்ச் சேருத வரைக்கும்தான். நாள் ஆனா ஒங்களுக்கே பழகிரும்.”

அவன் சொன்னது கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது விளங்கியது. வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்டது. வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வரிசையாக லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. பாலத்தில் ஒதுங்க இடமில்லை. அழுகிறோம் என்று தெரிந்தது, துடைக்கக் கையை எடுக்க முடியவில்லை. இறக்கம் வரும்வரை அதே வேகத்திலேயே போனாள்.