டேஷ்போர்டுக்கு அடியில்

டேஷ்போர்டைக் கழற்றியதும் பாசித்துக்குக் கை ஓடவில்லை. வழிகாட்டும் ஸ்கிரீனுக்கான தீப்பெட்டி அளவு ஜி.பி.எஸ். ஆன்டெனா, இரும்புத் தகட்டுக்கு அடியில், இரண்டு மாதத்துக்கு முன் அவன் போட்ட இடத்திலேயே கிடந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று, வானம் தெரியும்படி முன்கண்ணாடி ஓரம் ஒட்ட வேண்டியதை உள்ளே செருகி மூடிவிட்டான். ஒரத்தநாடே மெச்சும் கார் செட் கடைக்காரனின் வேலை லட்சணம் இதுதான்.

வெளியே வேப்பமர நிழலில் காரின் சொந்தக்காரர் குணசேகரன் மழித்த தலையோடு நின்றார். "ஸ்கிரீன்ல காரு ரோட்டுலயே நிக்கல தம்பி, வயலுக்குள்ள நிக்குது. ஏன் அப்படின்னு தெரிஞ்சா போதும்" என்றுதான் வந்ததும் சொன்னார். மிச்சத்தை டீ குடிக்கும்போது சொன்னார்.

அவருடைய தாயார் அமிர்தம் மகள் வீட்டில் இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். வயல்களுக்கு நடுவே புதிதாகக் கட்டிய வீடு. அண்ணன் தங்கைக்குள் நிலத் தகராறு; இவர் கிரகப்பிரவேசத்துக்குக்கூடப் போகவில்லை.

"என் கையால ஒரு வாய் பாலுக்குத்தான் உசுரு நின்னுச்சாம். நட்ட நடுப் பகல், வழி கேக்க ஒரு ஆள் இல்ல. போன்லயும் சார்ஜ் போயிருச்சு. இது திரும்பு திரும்புன்னு வாய்க்கால் கரையிலயே ஒரு மணி நேரம் சுத்தவிட்டுச்சு. போய்ச் சேந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. டம்ளர்ல பால் ஆடை கட்டியிருந்துச்சு."

பாசித் ஷார்ஜாவில் இருந்தபோதுதான் அவன் அத்தா மவுத்தானார்; கடைசியாக முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தத் தவிப்பு அவனுக்குப் புதிதல்ல. பேசாமல் மாற்றி ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆன்டெனாவைக் கண்ணாடி ஓரத்தில் வைத்தான். திரையில் மூன்றில் நின்ற சாட்டிலைட் எண்ணிக்கை மளமளவென்று பதினாலுக்கு ஏறியது. இரண்டு நிமிட வேலை.

"அண்ணே... இதைத் தப்பா உள்ள வெச்சது நான்தான். அதான் சுத்தவிட்டிருக்கு."

குணசேகரன் நிழலை விட்டு அவன் பக்கம் வந்தார். கை நீட்டிவிடுவார் என்று பாசித் நினைத்தான். நீட்டியிருந்தால் இவனுக்கு மனசு ஆறியிருக்கும்.

"கூடப் பொறந்தவ வீட்டுக்கு வழி தெரியாம, இதை நம்பிப் போனவன் நான்தானே தம்பி" என்றார்.

காரில் ஏறி உட்கார்ந்து, தங்கை வீட்டைத் திரையில் போட்டார். இருபத்திரண்டு நிமிடம் என்று காட்டியது. நீலக்கோடு வாய்க்காலைத் தாண்டி நேராகப் போய் வயல் நடுவில் அந்த வீட்டு வாசலில் நின்றது. அம்புக்குறி கடை வாசலில், சாலையின் மேல், ஆடாமல் அசையாமல் இருந்தது. அவர் வண்டியைக் கிளப்பவேயில்லை.