இரண்டாவதாக அழைக்கப்பட்டவர்கள்

இயர்போனின் ஒரு பக்கம் நீலாம்பாளின் காதிலேயே இருந்தது. தாடைக்குக் கட்டுப் போடத் துணி கிழித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள்தான் அதை முதலில் பார்த்தாள். காது கேட்பதற்கு வைக்கிற மெஷின் என்று நினைத்து, எடுக்கலாமா கூடாதா என்று மகள் சங்கரியைக் கேட்டாள். சங்கரி குனிந்து எடுத்தாள். ஒயர் முடியில் சிக்கியிருந்ததால் ஒவ்வோர் இழையாக விலக்க வேண்டியிருந்தது. முடி இழுபட்டால் அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்தப் பயம் சங்கரியின் கையை விட்டு இன்னும் போகவில்லை.

விடிகாலையில் காப்பியோடு போய் எழுப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. இரவெல்லாம் ஓடிய போன் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. அம்மா எந்தப் பாட்டோடு போனாள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தால் உடலை எடுக்கும்வரை யாரும் தறி ஓட்டுவதில்லை. அதனால் ஊர் ஒன்பது மணிக்கு இரைகிற இரைச்சலில் அந்தத் தெரு மட்டும் வாயடைத்துப் போயிருந்தது. வாசலில் பந்தல் போட்டு, நாற்காலிகளை இறக்கினார்கள். ஐஸ் பெட்டி வந்து கூடத்தில் உறுமத் தொடங்கியது. அப்பா வேணுகோபால் தன் தறிக்குழியின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவர்தான், துக்கம் கேட்க வந்தவர்கள் கையைப் பிடித்தபோதும் எழுந்திருக்கவில்லை.

தினகரன் வரும்வரை எதையும் தொடங்கக்கூடாது என்று தாய்மாமன் கலியாணசுந்தரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தினகரன் சங்கரிக்கு அண்ணன். ஓசூரில் வேலை, வீடு, மனைவி, எல்லாம் அங்கேதான். பெண்கள் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, மகாராசி பிள்ளை முகத்தைப் பார்க்கத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மூக்கைச் சிந்தினார்கள். கடைசி ஒரு மாதத்தில் இந்த வாசலை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் அவர்கள். அம்மா கடைசியில் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டாள் என்பது சங்கரி ஒருத்திக்குத்தான் தெரியும்.

நீலாம்பாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் நாலு மணி நேரம் அசைய முடியாது. பொழுது போக வேண்டுமே என்று சங்கரி தன் இயர்போனில் ஒன்றை அம்மா காதில் வைத்தாள். இடது அம்மாவுக்கு, வலது அவளுக்கு. சங்கரி கேட்பது சினிமாப் பாட்டு அல்ல. எங்கோ ஓர் ஊரில் நாலு பேர் கூடி, தாங்களே எழுதி, தாங்களே பாடி, போனில் ஏற்றிவிடுகிற இண்டி பேண்டுகள். அம்மா இரண்டு நிமிஷத்தில் பிடுங்கி எறிவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். நீலாம்பாளோ கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

"சளி புடிச்சா மாதிரி பாடறான் இந்தப் பையன். ஆனா பொய் சொல்லல. ஓடட்டும் விடு."

அப்புறம் அதுவே ஒரு விளையாட்டாக ஆனது. நினைத்தவர்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு கச்சேரி வைத்தால் யார் யாரைக் கூப்பிடுவது? சங்கரி சென்னையில் மைதானம் பிடித்தாள். நீலாம்பாள் அதெல்லாம் வேண்டாம், செவிலிமேட்டுப் பாலாற்று மணலில் மேடை போடு, கூட்டம் எவ்வளவு வந்தாலும் கொள்ளும் என்றாள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று சங்கரி கேட்டதற்கு, தண்ணீர் வந்தால் கச்சேரியே வேண்டாம், அதையே உட்கார்ந்து பார்க்கலாம் என்றாள். பக்கத்து நாற்காலிக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

முதல் பட்டியல் ஒரு வாரத்தில் முடிந்தது. ஷில்லாங்கிலிருந்து 'ப்ளூ கெரசின்', கொச்சியிலிருந்து 'மஞ்சள் லாரி', இன்னும் இரண்டு பெரிய கைகள். இவர்களெல்லாம் காஞ்சிபுரத்து ஆற்று மணலுக்கு எங்கே வரப்போகிறார்கள், வராவிட்டால் இருக்கட்டும் என்று இரண்டாவதாக ஒரு பட்டியல் போடலாம் என்றாள் சங்கரி. அங்கேதான் அம்மா தகராறு செய்தாள். நீலாம்பாளின் அப்பா தெருத் திருவிழாவுக்கு மேளம் பேசி முடிக்கிறவர். அவர் சொல்லித் தந்த ஒழுங்கு அவளுக்கு வேதவாக்கு.

"ஒருத்தருக்கு வெத்தல பாக்கு வெச்சுட்டா, அவுங்களா வரமாட்டேன்னு சொல்ற வரைக்கும் இன்னொருத்தரண்ட போவக்கூடாதும்மா. அது அவுங்கள அவமானப்படுத்தறது."

கனவுக் கச்சேரிக்கு எங்கே வெற்றிலை வைப்பது என்று சங்கரி கேலி செய்தாள். அம்மா அசையவில்லை.

கேலி செய்ய முடியாத இடம் ஒன்று இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் சிறுநீரகம் கொடுக்க அவரால் முடியாது என்று முதலிலேயே ஆகிவிட்டது. தினகரன் நான் தருகிறேன் என்று தானாகவே முன்வந்தான். பரிசோதனையில் எல்லாம் பொருந்தியும் வந்தது. அதோடு சரி. அடுத்த மாதம் லீவு கிடைக்கும் என்றான், ஆடி போகட்டும் என்றான், மாமியார் வீட்டில் ஒரு விசேஷம் என்றான். தர மாட்டேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. என்னுடையதை எடுத்துக்கொள் என்று சங்கரி காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். நீலாம்பாள் அதே வெற்றிலைக் கணக்கைத்தான் சொன்னாள். அவன் இன்னும் இல்லையென்று சொல்லவில்லையே, அதற்குள் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் அவன் மனசு என்ன பாடுபடும் என்றாள். ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. அவளுடைய காலும் முகமும் வீங்கிக்கொண்டே வந்தன.

போன வியாழக்கிழமை, ஊசி குத்தி முடித்து நர்ஸ் நகர்ந்ததும், நீலாம்பாள் கூரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"உங்க அண்ணன் வரமாட்டாம்மா. அவனுக்கு அதச் சொல்ல வாய் வரல. நீ அந்த ரெண்டாவது லிஸ்ட்ட சொல்லு, கேக்கறேன்."

சங்கரி சொன்னாள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிப் பையன்கள் நாலு பேர் சேர்ந்த 'மூணாவது ஷிஃப்ட்'. புதுச்சேரியில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பாடுகிற 'ஈரச் சுவர்'. அந்தப் பெண் வரிக்கு வரி மூச்சு இழுப்பது கேட்கிறது, அதனால் அவளைக் கடைசியில் வை, கூட்டம் அடங்கின பிறகு கேட்கட்டும் என்றாள் அம்மா. முதலில் யார் என்பதற்குத்தான் வெகுநேரம் யோசித்தாள். ஆளே வராத சாயங்கால வெயிலில் காலி மணலைப் பார்த்து வாசிக்க வேண்டும், அதற்கு முகம் சுளிக்காத ஆள் வேண்டும் என்றாள். சளிப் பையனையே முதலில் போட்டாள். இது முதல் பட்டியலைவிட நன்றாக அமைந்துவிட்டது என்று இருவருக்குமே தோன்றியது. மெஷின் மணி அடித்து, ஊசியை எடுக்க ஆள் வந்தபோது அம்மா சங்கரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரண்ட உன் பேரச் சொல்லிடு. உன்ன முன்னாடியே கேட்டிருக்கணும்."

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் ஆட்டோவில் சங்கரி யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன்பு வந்ததே இல்லை. மறுநாளே ஆஸ்பத்திரியில் பேசி, திங்கட்கிழமைக்குப் பரிசோதனை நேரம் வாங்கினாள். இன்று சனிக்கிழமை.

தினகரன் பதினோரு மணிக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் விழுந்தான். வேஷம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. அடுத்த மாதம் கட்டாயம் வருவதாக இருந்தேன், லீவுகூடச் சொல்லிவிட்டேன் என்று மாமாவின் தோளில் முகத்தை வைத்து அழுதான். சங்கரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. கன்னத்தில் ஓர் அறை விட்டால் என்ன என்றுகூடக் கை பரபரத்தது. கொஞ்ச நேரத்தில் அவன் கொல்லைப்பக்கம் வந்தான். அவள் தொட்டியடியில் குடம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா கடைசியா என்னா சொல்லிச்சு? என்னப் பத்தி எதுனா கேட்டுச்சா?"

வியாழக்கிழமை அம்மா சொன்னது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவன் சாகிறவரைக்கும் அதைச் சுமப்பான். சுமக்கட்டுமே என்றுதான் இருந்தது. ஆனால் அவன் முகம் அம்மாவின் முகம். அந்த மூக்கு, அந்த வீங்கின கண். அதைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

"பாட்டு கேட்டுக்கினு இருந்துச்சு."

"பாட்டா? அம்மாவுக்கு ஏது பாட்டு?" என்றவன், அவள் மறுபடி குடத்தைத் தேய்க்கத் தொடங்கவே முகத்தைக் கழுவிக்கொண்டு போனான்.

அம்மாவுக்குக் குறை வைக்கக்கூடாது என்று மேளத்துக்கு அவனே போன் செய்தான். ஊரிலேயே பெரிய செட், சீருடை போட்டுப் பதினைந்து பேர் ஆடிக்கொண்டு வருவார்கள். மூன்று மணிக்கு வருகிறோம் என்றார்கள். மூன்றும் ஆனது, மூன்றரையும் ஆனது. வாலாஜாபாத்தில் ஒரு பெரிய மனிதர் சாவு, அங்கிருந்து கிளம்பிவிட்டோம் என்றார்கள். நாலு மணிக்கும் கிளம்பிவிட்டோம் என்றேதான் சொன்னார்கள். பாடை கட்டி முடித்தாயிற்று, பூ வாடத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும், ஓரிக்கையில் மேளக்காரர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்று மாமா அவசரப்படுத்தினார். தினகரன் ஒப்பவில்லை.

"அவுங்க வரமாட்டோம்னு சொல்லல மாமா. சொல்லிட்டம், வந்துடுவாங்க. இன்னும் கொஞ்சம் பாக்கலாம்."

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சங்கரி நிமிர்ந்தாள்.

"வராதவுங்க வரமாட்டேன்னு சொல்ல மாட்டாங்கண்ணா. அடுத்த ஆளக் கூப்புடு."

குரல் உயரவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு அது மேளத்தைப் பற்றிய பேச்சாகவே பட்டது. பொண்ணு சொல்வதும் சரிதானே என்றார் மாமா. தினகரன் மட்டும் தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கழுத்து மெதுவாகச் சிவந்தது. தறியோரம் காலையிலிருந்து தலை நிமிராத அப்பா இப்போது நிமிர்ந்து மகனைப் பார்த்தார். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் போனை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனான்.

ஓரிக்கைக்காரர்கள் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நாலே பேர். சீருடை இல்லை. ஒருவருக்குக் காலில் கட்டு. தெருவோரம் பழைய பேப்பரைக் கொளுத்தி மேளத் தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சினார்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்காமல் வாசிக்கத் தொடங்கினார்கள். நல்ல வாசிப்பு. சங்கரி வாய்க்கரிசி போட்டுவிட்டு, அம்மாவின் இடது காதோரம் ஒதுங்கிய முடியைச் சரிசெய்தாள்.

தெருமுனைவரைதான் பெண்கள் போகலாம். அங்கே நின்று, மேளச் சத்தம் தூரத்தில் தேய்கிறவரை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தைக் கழுவிவிட்டார்கள். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கும்போது சங்கரியின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் குரல், திங்கட்கிழமைப் பரிசோதனைக்கு வருகிறீர்கள்தானே என்று கேட்டது.

"இல்லம்மா. வரமாட்டேன்."

வேறு நாள் மாற்றித் தரட்டுமா, அடுத்த மாதம் வேண்டுமானால் போட்டுவைக்கவா என்று அந்தப் பெண் பரிவாகக் கேட்டாள்.

"வேணாம்மா. நான் வரமாட்டேன். அந்த நேரத்த அடுத்து காத்துக்கினு இருக்கறவங்களுக்குக் குடுத்துடுங்க."

போனை வைத்தாள். எதிர் வீட்டில் யாரோ தறிக்குழிக்குள் இறங்குவது கேட்டது. இரண்டு முறை அடித்துவிட்டு நிறுத்தினார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து அடித்தார்கள். பக்கத்து வீட்டிலும் தொடங்கியது. சங்கரி துணியைப் பிழிந்து, ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுக்க உட்கார்ந்தாள்.