பேரிக்காயின் மறுபக்கம்

பதினோராம் நாள், பேரிக்காய். காலை ஆறு மணிக்கு நீலத் தட்டில் வைத்தேன், ஆறே முக்காலுக்கு வரைந்து முடித்தேன். வகுப்பில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த வரிசைப்படிதான் செய்தேன். முதலில் சீக்கிரம் மாறிவிடக்கூடியது, பிறகு பொருள், பிறகு அதன் நிழல், கடைசியில் நேரம் இருந்தால் பின்புலம். எனக்கு ஒருநாளும் பின்புலத்துக்கு நேரம் இருந்ததில்லை. அன்று காம்பு தடித்துவிட்டது. ஒரு பக்கம் வீங்கி, பல்வலி வந்த ஆளின் கன்னம் போல இருந்தது. தாளைக் காய வைத்துவிட்டு, அதையே காலை உணவாகச் சாப்பிடலாம் என்று பேரிக்காயை எடுத்துத் திருப்பினேன். முக்கால் மணி நேரமாக எனக்குத் தெரியாமல் இருந்த மறுபக்கத்தில், கட்டைவிரலால் அழுத்தியது போல ஒரு பழுப்புக் காயம். அதன் நடுவே நகம் பதிந்தது போலப் பிறை வடிவில் ஒரு கீறல். அந்த இடத்தைக் கத்தியால் தோண்டிக் குப்பையில் போட்டேன். மிச்சத்தை நின்றபடியே தின்றுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துப் பொருத்துகிறேன். வாரத்தில் மூன்று நாள் மாலை ஓவிய வகுப்பு. தினம் ஓர் உணவுப் பொருள், முப்பது நாள், ஒரு நாளும் தவறக்கூடாது என்று மாஸ்டர் பட்டியல் அச்சடித்துக் கொடுத்திருந்தார். வரைந்ததைப் படமெடுத்து, அவர் இணையத்தில் திறந்திருந்த ஒரு பக்கத்தில் போட வேண்டும். அங்கே பெயர் கிடையாது, எண் மட்டும்தான். "பேரைப் பாத்துப் பாராட்டாதீங்க, படத்தைப் பாத்துத் திட்டுங்க" என்பார். நான் ஏழாம் எண்.

அன்று மதியம் கடையின் பின்னறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வழக்கமாக என் படத்தில் என்னென்ன தப்பு என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். மற்றவர்கள் படங்களைப் பார்த்தால் இரண்டு நாளைக்குத் தூரிகையைத் தொடத் தோன்றாது. அன்று விரல் தவறிக் கீழே போய்விட்டது. பதின்மூன்றாம் எண்ணின் பேரிக்காய் வந்து நின்றது. நன்றாக இருந்தது. அதன் வயிற்றில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு பழுப்புக் காயம். நடுவே பிறை.

டப்பாவை மூடி வைத்தேன். பேரிக்காய் என்றால் அடிபட்டுத்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு தட்டைப் பார்த்தேன். நீலத் தட்டு, விளிம்பில் நெல்மணி அளவுக்கு ஓர் உடைவு. எங்கள் வீட்டுத் தட்டில் அந்த உடைவை நான் எப்போதும் எனக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைப்பேன், படத்தில் அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று. அவர் படத்தில் அது முன்னால் இருந்தது.

எதையும் ஒழுங்காகப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. முதல் நாளிலிருந்து வரிசையாகப் பார்த்தேன். எலுமிச்சை, வெங்காயம், பால் டம்ளர், பூண்டு, தக்காளி. என் படத்தில் கத்தியின் பிடி வலப்பக்கம் என்றால் அவர் படத்தில் இடப்பக்கம். எனக்கு இடது பக்கம் ஜன்னல், அவருக்கு வலது பக்கம். கடையில் ஒரு நாளைக்கு முப்பது பேர் கண்ணாடிக்கு அளவு கொடுக்க எனக்கு எதிரே உட்காருகிறார்கள். அவர்கள் வலது கண் எனக்கு இடப்பக்கம் இருக்கும், அதில் தவறினால் வேலை போய்விடும். பத்து நாளாக இது என் கண்ணில் படவில்லை. பதினொரு படமும் எங்கள் சாப்பாட்டு மேசைதான், எனக்கு எதிரே இருக்கும் நாற்காலியிலிருந்து பார்த்தது.

அது அண்ணனின் நாற்காலி.

அன்று மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் தூரிகை கழுவிக்கொண்டிருந்தபோது மாஸ்டரிடம் போனேன்.

"பதிமூணாம் நம்பர் யாரு மாஸ்டர்?"

"ஏன், வயிறு எரியுதா?"

"இல்ல, சும்மாதான்."

"போன்ல சேந்தாரு. ஆம்பளைக் குரல். பேரு கேட்டேன், லைன்ல ஒரே இரைச்சல். நேர்ல வரும்போது எழுதிக்கலாம்னு விட்டுட்டேன். இன்னும் வரல. ஆனா படம் மட்டும் டாண்ணு வந்துடுது. நேர்ல வந்து என் உயிரை எடுக்கிற உங்களுக்கு அவரு எவ்வளவோ தேவல."

பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். எங்கள் வகுப்பிலேயே வயதானவர் அவர்தான். ரொட்டி வரைய வேண்டிய நாளில் நாலு தாளைக் கிழித்துப் போட்டு, "இந்த நேரத்துக்கு நாப்பது ரொட்டி சுட்டிருப்பேன்" என்று புலம்பியவர். என் போனை வாங்கி இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"என்னம்மா, நீயே ரெண்டு நம்பர்ல போடறியா? உன் தட்டும் அந்தாளு தட்டும் அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்கு."

நான் சிரித்து வைத்தேன். மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார். "அவ வலது கை. இந்த ஆளு இடது கை. கோடு பூரா எதிர்ப்பக்கமா சாயுது பாருங்க."

அண்ணன் இடது கைக்காரன்.

அவன் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. வேலை போனதிலிருந்து மேசையில் உட்கார்ந்தாலே சண்டை. உப்பு இல்லை என்பான், அம்மா பதில் சொன்னால் தட்டைத் தள்ளுவான், சொல்லாவிட்டாலும் தள்ளுவான். அன்று காலை ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு ஏதோ ஆரம்பித்தான். அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன், "நீ இல்லாட்டா இந்த வீட்ல ரெண்டு பேரு நிம்மதியா ஒரு வாய் சாப்பிடுவோம்." கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். அவன் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தான், விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான், எழுந்து போனான். அதன் பிறகு அவனைத் தேடி அம்மா ஏறி இறங்காத இடமில்லை. என்னடி நடந்தது என்று கேட்டபோது, "அவனுக்கு எப்பவும் போலக் கோவம்" என்றேன். இன்றுவரை அதுதான் என் பதில்.

பன்னிரண்டாம் நாளிலிருந்து, வரையும்போது எதிர் நாற்காலியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மரநாற்காலி, முதுகில் மூன்று குறுக்குக் கட்டைகள், அவ்வளவுதான். வரைந்து முடித்ததும் அதில் போய் உட்கார்ந்து பார்த்தேன். உடைந்த விளிம்பு, கத்தியின் பிடி, பின்னால் என் நாற்காலி, அதற்கும் பின்னால் சமையலறை வாசல். பதின்மூன்றாம் எண்ணின் படங்களில் இந்தப் பின்புலம் மட்டும் இருக்காது. ஈரச் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு, அதோடு சரி. கதவுத் தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். யாராவது எதையாவது ஒளித்து வைத்துப் படமெடுக்கிறார்களா என்று அலமாரி, விளக்கு எல்லாவற்றையும் துழாவினேன். அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். என் மூளையில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு நாள் நினைப்பேன். மதியம் பக்கத்தைத் திறந்ததும் அந்த ஆறுதலும் போய்விடும்.

பத்தொன்பதாம் நாள், கிண்ணத்தில் மூன்று முட்டை. ஒரு துண்டுத் தாளில் "எங்க இருக்க?" என்று ஒரே வரி எழுதினேன். கிண்ணத்துக்கு அந்தப் பக்கமாக, எதிர் நாற்காலியைப் பார்த்த மாதிரி சாய்த்து வைத்தேன். என் பக்கத்திலிருந்து அதன் நுனிகூடத் தெரியாது. வரைந்து முடித்ததும் அதை நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அம்மா அப்போது எழுந்திருக்கவே இல்லை.

மதியம் அவர் படத்தில் அந்தத் தாள் இருந்தது. கிண்ணத்தில் சாய்ந்து, ஒரு மூலை லேசாகச் சுருண்டு. ஆனால் எழுத்தை எழுத்தாக எழுதக்கூடாது, அது கண்ணை இழுத்துப் படத்தைக் கெடுத்துவிடும், சாம்பல் தீற்றலாகத்தான் காட்ட வேண்டும் என்று மாஸ்டர் இரண்டாம் வாரம் சொல்லியிருந்தார். பதின்மூன்றாம் எண் அதை அப்படியே கடைப்பிடித்திருந்தார். நான் எழுதியது ஒரு வரி. படத்தில் இருந்தவை மூன்று தீற்றல்கள். முதல் வரி என்னுடையது என்றால் மற்ற இரண்டும்? பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன். கடைசியில் தூரிகை மயிரின் தடம் மட்டும்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, கிழித்த துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரே வரிதான்.

இருபத்தாறாம் நாளிலிருந்து அவர் பின்புலம் வரையத் தொடங்கினார். முதல் நாள் சமையலறை வாசலின் சட்டம். மறுநாள் சுவர். இருபத்தெட்டாம் நாள், திராட்சைக்குப் பின்னால் என் நாற்காலி. அம்மா அதில் போட்டுத் தந்த கட்டம் போட்ட மெத்தைகூட இருந்தது. கட்டங்கள் எத்தனை என்று எண்ணலாம், அவ்வளவு பொறுமையாக வரைந்திருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் காலையில் ஆறிலிருந்து ஆறே முக்கால்வரை நான் அசையாமல் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். திராட்சையைப் பார்க்கிறவனுக்கு, திராட்சையின் காம்பில் ஒட்டியிருந்த தூசியைக்கூடப் பார்க்கிறவனுக்கு, என்னைத் தெரியவில்லை. காலி நாற்காலியின் முன்னால் திராட்சை நிம்மதியாக இருந்தது. அந்தப் படத்துக்கு மாஸ்டர் கீழே எழுதியிருந்தார், "அமைதி. அருமை."

அன்று மாலை போனை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கிறவள். நூல் வாசனையோடு அப்போதுதான் வந்திருந்தாள்.

"இதைப் பாரும்மா."

"என்னடி, சாப்பிடற பொருளைத் திங்காம படம் புடிச்சுப் படம் புடிச்சு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். விரலால் நாற்காலியைத் தொட்டாள். படம் நகர்ந்தது. மறுபடியும் இழுத்து நடுவில் வைத்தாள்.

"யாரு போட்டது?"

"தெரியல. அண்ணனா இருக்குமோன்னு..."

"அவனுக்கு ஒரு கட்டம் போடவே பொறுமை கிடையாது." படத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு, "ஆனா அங்கேருந்து பாத்தா இப்படித்தான் தெரியும்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ வேலைக்குப் போனப்புறம் நான் அங்கதான் உக்காந்து சாப்பிடறேன்." முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. "அன்னிக்கு நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. குழாயை மூடிட்டுத்தான் நின்னேன்."

இரண்டு வருடம் நான்கு மாதம் என்று மறுபடியும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அத்தனை நாளும் ராத்திரியில் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறாள்.

"ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா? நீயும் எந்திரிச்சுப் போயிட்டா நான் யாரோட உக்காந்து சாப்பிடறது?" போனை என் கையில் திணித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

முப்பதாம் நாளுக்குப் பட்டியலில் "உங்கள் விருப்பம்" என்று போட்டிருந்தது. அம்மா அன்று எனக்கு முன்பே எழுந்துவிட்டாள். நான் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"எத்தனை முட்டை போடட்டும்?"

"மூணு."

பாத்திரத்தில் முட்டைகள் இறங்கும் சத்தத்தை எண்ணினேன். மூன்று.

ரொட்டி, வெண்ணெய், ஒரு கோப்பை சூடான பால். நீலத் தட்டை எடுத்து, உடைந்த விளிம்பு என் நாற்காலியைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். பிறகு வண்ணப்பெட்டியையும் தாளையும் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தேன். பென்சில் கோட்டை வழக்கத்தைவிட லேசாகப் போட்டேன். முதலில் பாலின் ஆவி, அது நிற்காது. ஆவிக்கு வண்ணம் கிடையாது, அதைச் சுற்றியிருப்பதைப் பூசித் தாளை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒரு தடவையாவது எனக்கு அது சரியாக வந்தது. அடுத்தது கோப்பை, ரொட்டி. பிறகு நிழல்கள். ஜன்னல் இப்போது எனக்கு வலது பக்கம், ஆகவே நிழல்கள் எல்லாம் இடது பக்கம் விழ வேண்டும். கோப்பையின் நிழல் அப்படித்தான் விழுந்தது. வெண்ணெயின் நிழலும்.

ரொட்டியின் மேல் கிடந்த நிழல் மட்டும் எதிரிலிருந்து, என் நாற்காலியின் பக்கத்திலிருந்து, என்னை நோக்கி நீண்டிருந்தது. முதலில் ஜன்னல் கம்பி என்று நினைத்தேன். கம்பிக்கு நடுவில் மடிப்பு இருக்காது. நான்கு விரல்கள், சற்றுத் தள்ளிக் கட்டைவிரல். ரொட்டியின் ஓரத்துக்கு வந்து, எடுக்கலாமா வேண்டாமா என்பது போல நின்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் காலி நாற்காலிதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நிமிரவில்லை. நீலத்தில் கொஞ்சம் பழுப்பைக் கலந்து, நிறையத் தண்ணீர் விட்டு, தூரிகையின் நுனியை ரொட்டியின் மேல் வைத்தேன். அது அசையவில்லை. வகுப்பில் உருவம் வரைய உட்காருகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்களே, அப்படி இருந்தது.

"சாப்பிட்டுட்டுப் போண்ணா" என்றேன். தாளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

காலடிச் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். அம்மா முட்டைக் கிண்ணத்தோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. இரண்டடி முன்னால் வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கிண்ணத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு மற்றக் கையை மெல்ல இறக்கினாள். கை நாற்காலியின் முதுகுக்கட்டைவரை வரவில்லை. அதற்கு ஒரு சாண் மேலே, உட்கார்ந்திருப்பவரின் தோள் இருக்கும் உயரத்தில், எதன் மேலோ வைத்தது போல நின்றது.