சென்றாயன் நிறுத்தும் வளைவு

வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே ராணியம்மாளின் கை கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டது.

தொப்பூர் கணவாய் ஏற்றம். மண்டையைப் பிளக்கும் வெயில். சேலம் மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டு, காலிக் கூடைகளோடு திணறித் திணறி ஏறிக்கொண்டிருந்தது அந்தப் பழைய பெட்ரோல் பிக்கப். ஸ்டியரிங்கில் நல்லம்பள்ளி மெக்கானிக் ஹயாத் பாஷா. பின்னால், கூடைகளுக்கு நடுவே ராணியம்மாளின் புருஷனுக்கு அண்ணன் மாதையன். மடியில் கால் கட்டிய சேவல். வேட்டி மடிப்பில் சாராயச் சீசா.

சேவலும் சாராயமும் செத்துப்போன சென்றாயனுக்கு.

போன மாசியில் இதே வளைவில்தான் ராணியம்மாளின் புருஷன் சென்றாயன் இந்த வண்டியை நடுரோட்டில் விட்டு இறங்கினான். மேலிருந்து வந்த லாரி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஏன் நிறுத்தினான், எதற்கு இறங்கினான், பார்த்தவர் எவருமில்லை. ஆனாலும் ஊர் பதிலை வைத்திருந்தது. குடிகாரன்தானே, போதையில் இறங்கியிருப்பான்.

அதற்குப் பிறகு வண்டியைத் தொட்ட டிரைவரெல்லாம் ஒரே கதை சொன்னார்கள். சேலம் போய்த் திரும்பும்போது, இந்த வளைவில், வண்டி தானாக நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பிவிடுகிறது. ஒருத்தன் பயந்துபோய் வளைவோரப் பாறையில் சாராயம் வைத்துக் கும்பிட்டான். வண்டி கிளம்பியது. அவ்வளவுதான். கணவாயில் போகிற லாரிக்காரர்கள்கூடப் பாறையில் சாராயம் ஊற்ற ஆரம்பித்தார்கள். சாராயச் சென்றாயன் என்று பெயரே விழுந்துவிட்டது.

ராணியம்மாளால் தாங்க முடியாமல் போனது அந்தப் பெயர்தான். குடியை விட்டு, மனுஷனாகி, சம்பாதித்து வந்த நேரத்தில் செத்தவன் அவன். சொன்னால் யார் நம்புகிறார்கள்? இன்றைக்குக் கூடப்பிறந்த அண்ணனே சாராயப் படையல் போட்டுவிட்டால், அப்புறம் அந்தப் பெயரை எந்தக் காலத்திலும் கழுவ முடியாது. அதனால்தான் பாஷாவைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள். நிற்பதற்கு வண்டியிலேயே காரணம் இருந்தால் படையல் கிடையாது. மாதையன் அரைமனதாக ஒத்துக்கொண்ட பேச்சு அது.

வளைவு வந்தது.

என்ஜின் ஒருமுறை விக்கியது. பாஷா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். இன்னொரு விக்கல், இழுவை, ஒரு குலுக்கு. அடங்கிவிட்டது. காற்று மட்டும் கணவாயில் ஊதியது. பாறைப் பக்கமிருந்து புளித்த சாராய வாடை வந்து ராணியம்மாளின் முகத்தில் மோதியது.

"வந்துட்டான்!" மாதையன் கூடைகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்னமோ பம்ப்பு டயாபிரம் மாத்தினீங்க, கார்புரேட்டர கழுவினீங்க. எந்தம்பி உங்க ஸ்பேனருக்கு பயப்படற ஆளா பாய்?"

"எறங்கி டயருக்குக் கல்லு வைங்க மொதல்ல. பேயி அப்பறம்," என்றார் பாஷா.

பானெட்டைத் திறந்தார். கொண்டுவந்த ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டார். "சூட்டுல பெட்ரோல் ஆவியாகி நின்னிருந்தா, இப்ப கிளம்பணும்."

கிளம்பவில்லை. மாதையன் சீசாவின் மூடியைத் தடவிக்கொண்டார்.

பாஷா டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரப்பர் டியூபை மாட்டினார். அதன் மறுமுனை தகர டப்பாவில் கொண்டுவந்த பெட்ரோலுக்குள் போனது. ஸ்டார்ட் செய்தார். என்ஜின் ஜம்மென்று பிடித்துக்கொண்டது. சேவல் அலறியது.

"பம்ப்பும் நல்லாருக்கு, என்ஜினும் நல்லாருக்கு. டேங்குல இருந்துதான் பெட்ரோல் வரல."

"டேங்குல இருக்குதே பாய், நானே குச்சி வுட்டுப் பாத்தனே!"

"இருக்கு. வெளிய வரத்தான் வழியில்ல." என்ஜினை அணைத்துவிட்டுக் கழற்றிய குழாயில் வாய் வைத்து உறிஞ்சினார் பாஷா. கன்னம் ஒட்டிப்போனது, சொட்டு வரவில்லை. இப்போது பலமாக ஊதினார்.

சீட்டுக்கு அடியிலிருந்த டேங்குக்குள் 'களக்' என்றது. உள்ளே எதுவோ புரண்டு படுத்ததுபோல. மறுபடி உறிஞ்சியதும் பெட்ரோல் வாய் நிறைய வந்தது. காறித் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"ஆப்டுகிச்சு! உள்ள என்னமோ கெடக்குதுங்க. ஏத்தத்துல வண்டி பின்னால சாயுது, திரும்பறப்ப பெட்ரோலும் கொறவு. அது மெதந்து வந்து குழாய் வாயில அப்பிக்குது. என்ஜின் நின்னா உறிஞ்சறதும் நின்னுபோவுது, தானா வுட்டுடுது. டிரைவர் கும்பிட்டாலும் கிளம்பும், பீடி பத்தவெச்சாலும் கிளம்பும்."

ராணியம்மாளுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. டேங்கு என்ற சொல் வந்ததிலிருந்தே அவள் கண் சீட்டை விட்டு நகரவில்லை.

பாஷா சீட்டைத் தூக்கி, டேங்கின் அகன்ற வாயில் கொக்கி போல வளைத்த கம்பியை விட்டுத் துழாவினார். கிர்ர்... கிர்ர்... தகரத்தில் கம்பி உரசும் ஒவ்வொரு முறையும் அவள் பல் கூசியது. வேண்டாம் பாய், விட்டுடுங்க என்ற கத்தல் வாய்வரை வந்தது. கத்தினால் படையல். கத்தாவிட்டால் அது வெளியே வரும்.

வந்தது.

கம்பி நுனியில், செத்த எலி மாதிரி தொங்கியது ஒரு துணி. ஒரு காலத்தில் மஞ்சள். முடிச்சு அவிழ்ந்து, நூல் நூலாகப் பிரிந்து, நடுவில் ஒரு வேர்த்துண்டும் நாலு தலைமயிரும் ஒட்டிக் கிடந்தன.

"யா அல்லா!" பாஷா கம்பியைக் கீழே போட்டார். "மந்திரிச்ச முடிச்சு. போட்டப்ப இறுக்கமா அடியில கெடந்திருக்கும். ஊறிப் பிரிஞ்சதும் மெதக்க ஆரமிச்சிருச்சு."

மாதையன் முகம் கறுத்தது. "எனக்குத் தெரியும் பாய். எவனோ கடங்காரப் பாவி எந்தம்பிய குடிக்க வெக்கறதுக்கு வெச்ச மருந்து இது! அதான் கடைசி வரைக்கும் சாராயம் அவன வுடல. செத்தும் கேக்கறான் பாருங்க. படையல் போட்டுத்தான் ஆகணும், இன்னிக்கே!"

சேவலை எடுக்க நடந்தார்.

ராணியம்மாளுக்கு அந்த மயிரைத் தெரியும். தூங்கிக்கொண்டிருந்த புருஷன் தலையிலிருந்து கத்தரித்தவள் அவள்தான். மலையோரக் கோயில் பூசாரி சொன்னது இன்னும் காதில் இருந்தது: தெனம் அவன் கை படணும், கண்ணு படக்கூடாது. தலையணையில் வைத்தால் உதறிவிடுவான். கூரை ஓட்டில் செருகினால் கண்டுபிடித்துக் கேலி பண்ணுவான். தினமும் அவன் கை தொடுவது பெட்ரோல் மூடி. அவனில்லாத நேரம் பார்த்து, அவளே மூடியைத் திருகி, சாமியைக் கும்பிட்டு உள்ளே போட்டாள். தொபுக் என்று விழுந்தது. கொஞ்ச நாளில் அவன் சாராயக் கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான். அன்றைக்குச் சந்தோஷத்தில் அழுதிருந்தாள்.

"மாமா."

மாதையன் திரும்பினார்.

"அது குடிக்க வெக்கறதுக்கு இல்லீங்க. குடிய நிறுத்தறதுக்கு."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"நாந்தான் போட்டன்."

பாஷா ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். மாதையன் துணியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், தம்பி விழுந்து கிடந்த இடத்தைப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு அவன்..."

"குடிக்கலீங்க. வண்டி நின்னுபோச்சு. என்னன்னு பாக்க எறங்கினாரு."

"அப்ப..." என்று ஆரம்பித்த மாதையன், மேற்கொண்டு போகவில்லை. அதற்கடுத்த வார்த்தை மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது.

மாதையன் சீசாவை உருவி, ஓங்கி, பள்ளத்தை நோக்கி எறிந்தார். மூன்று பேரும் காது கொடுத்து நின்றார்கள். உடையும் சத்தம் கேட்கவேயில்லை.

"ஊர்ல நான் சொல்லிக்கறன்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "எந்தம்பி குடிக்கலன்னு நானே சொல்றன். துணியப் பத்தி யாரும் வாய் தொறக்க வேண்டாம். கேட்டீங்களா பாய்?"

"டேங்குல தூசின்னுதாங்க நான் சொல்லுவன்."

"இல்லீங்க மாமா. துணியச் சொல்லாம, அவுரு குடிக்கலன்னா யாரு நம்புவாங்க? எல்லாத்தயும் சொல்லுங்க."

மாதையன் பின்னால் ஏறிக்கொண்டார்.

குழாயை மாட்டி, சீட்டைப் போட்டு, பாஷா ஸ்டார்ட் செய்தார். வண்டி விக்கவில்லை. திணறவில்லை. புதுசு மாதிரி ஏற்றத்தை இழுத்தது.

இத்தனை மாதமாக அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை வண்டி நின்றது என்று கேட்கும்போதும், அவளிடம் ஏதோ சொல்லத்தான் அவன் நிறுத்துகிறான் என்று ரகசியமாக நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது நிறுத்துவதற்கு யாருமில்லை. வளைவு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, கால் வலிக்குதா?" என்றார் பாஷா.

அப்போதுதான் கவனித்தாள். அவளுடைய வலது கால் தரைத் தகரத்தை மிதித்து அழுத்திக்கொண்டிருந்தது. அவள் பக்கம் பிரேக் கிடையாது.