நாயை இறங்க விடும் ஏரிகள்

"இந்தப் பக்கத்துல நாயை இறங்க விடுற ஏரி ஏதாவது உனக்குத் தெரியுமாம்மா?"

லேப் அக்கா என்னிடம் அப்படிக் கேட்டதும் நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சித்தி நிற்கிறாளோ என்று. துண்டு அடுக்கிய அலமாரிதான் இருந்தது. கேள்வி எனக்குத்தான்.

நாய்களைக் குளிப்பாட்டும் கடை எங்களுடையது. எங்களுடையது என்றால் சித்தியுடையது. முன் அறையில் ஒரு மேசை, நான்கு நாற்காலி. பின் அறையில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு தொட்டி, கைக்குழாய், ஈரத்தை ஊதி உலர்த்தும் இயந்திரம். அது ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. அதனாலேயே எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருந்தும் எனக்கு வார்த்தை வெளியே வராது. ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் நான் நின்றுகொண்டே படித்தேன் என்று சித்தி சொல்லுவாள். பத்தாம் வகுப்புக்கு நான் போகவில்லை.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? உனக்குப் பேச்சு வர்றதுக்குள்ள இந்த நாய்ங்களுக்கு வந்துடும் போல" என்பாள் சித்தி. நாய்கள் அவளைப் பார்த்து வாலாட்டும்.

திங்கட்கிழமைகளில்தான் எங்களுக்குக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை ஏரிகளுக்குப் போய்வந்த நாய்கள் வரிசையாக வந்து சேரும். தொட்டியில் ஏற்றித் தண்ணீரை அடித்தால், ஒவ்வொன்றின் மேலிருந்தும் ஒரு ஏரி கழன்று விழும். விரலிடுக்கில் கறுப்புச் சேறு அப்பியிருந்தால் அது சதுப்புக் கரை. அழுக்கு வயிற்றில் ஒரே கோடாக நின்றிருந்தால் தண்ணீர் அவ்வளவுதான், அதற்கு மேல் ஆழமில்லை. காதுக்குள் புல்விதை இருந்தால் கரைக்குப் போகும் வழியில் ஆளுயரப் புல். நுரையில் வாத்துச் சிறகு ஒட்டி வந்தால் அங்கே நாயை அவிழ்த்து விடக் கூடாது. மிச்சத்தை முன் அறையில் நாய்க்காரர்கள் பேசுவது சொல்லிவிடும்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பழைய துண்டுகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஏரிக்கு ஒரு பக்கம். அப்போது பத்து ஏரி சேர்ந்திருந்தது. ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. கடை, வீடு, நடுவில் ஒரு தெரு. ஒருமுறை ஏரிக்குப் போகலாமா என்று சித்தியிடம் கேட்டபோது, "தண்ணியைப் பாக்கணும்னா குழாயைத் திற" என்றாள்.

லேப் அக்கா பொழுதுபோக்குக்காக ஏரி கேட்கவில்லை. அவளுடைய நாயின் பெயர் மூட்டை. பழுப்பு நிற லேப்ரடார் (அதனால்தான் கடையில் அவள் லேப் அக்கா), பெயருக்கு ஏற்ற உடம்பு, பின்னங்கால் இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. படி ஏறக் கூடாது, குதிக்கக் கூடாது, நீந்தினால் நல்லது என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் அறுவை சிகிச்சை. அதைத் தாங்கும் வயது மூட்டைக்குத் தாண்டிவிட்டது. அதனால் அவன் தானாக நடந்து இறங்கும்படி, வழுக்காத தரையுள்ள ஏரி வேண்டும்.

"மரப்பாலத்து ஏரி" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலிருந்தது. "கிழக்குக் கரை. வயித்தளவுதான். சேறு கிடையாது."

"நீ போயிருக்கியா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் வேறு யாரிடமாவது கேட்பாள். தலையை ஆட்டினேன்.

அடுத்த திங்கள் அக்கா முன் அறை நாற்காலியில் உட்காரவில்லை. நேராகப் பின் அறைக்கு வந்து, ஷாம்பூ கேனைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "அப்படியே நீ சொன்ன மாதிரி! மூட்டை இறங்கிட்டான். நின்ன இடத்துலயே நின்னு தண்ணியைப் பாத்துக் குலைச்சான், ஏதோ தண்ணிதான் அவன்கிட்ட கடன் வாங்கின மாதிரி." நான் சிரித்துவிட்டேன். சோப்பு வாய்க்குள் போயிற்று.

அப்படி எட்டு மாதம். திங்கள்தோறும் அவள் கேட்பாள், நான் சொல்லுவேன், அவள் போவாள், வந்து சொல்லுவாள். ஒவ்வொரு ஏரிக்கும் மூன்று நான்கு தடவை போனாள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, யார் யார் எந்த நாயோடு வந்தார்கள், மூட்டை எத்தனை தப்படி நீந்தினான் எல்லாம் சொல்லுவாள். உலர்த்தும் இயந்திரத்தை நான் அப்போதெல்லாம் தாமதமாகத்தான் போடுவேன். அவளிடம் கேட்பதற்கென்று வாரம் முழுக்க ஒரு கேள்வியைத் தேடி வைத்திருப்பேன். எனக்காக ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பது அதற்கு முன்னால் நடந்ததில்லை.

"சின்ன வயசுல இந்த ஏரியெல்லாம் மீன் மாதிரி நீந்தியிருப்ப, இல்ல?" என்று ஒருநாள் கேட்டாள்.

அதற்கும் தலையாட்டினேன். தலையாட்டிப் பழகிவிட்டால் கழுத்துக்கு அது வலிப்பதில்லை.

பத்து ஏரியும் முடிந்த வாரம் அக்கா சித்தியிடம் போய் நின்றாள். "இந்த ஞாயிறு இவளை என்னோட அனுப்புங்க. காலையில போயிட்டு சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடறேன்."

"இவளையா? இவளைக் கூட்டிட்டுப் போறதும் ஒண்ணுதான், அந்த நாற்காலியைக் கூட்டிட்டுப் போறதும் ஒண்ணுதான்."

"நாற்காலிக்கு நீந்தத் தெரியாதே."

சித்தி கணக்கு எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "இவ நீந்துவாளா?"

"பின்னே? அவதானே சொன்னா."

நான் சட்டென்று இயந்திரத்தைப் போட்டேன். அந்த இரைச்சலிலும் சித்தியின் உதடு அசைவது தெரிந்தது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பதினோராவதாக நான் பார்த்து வைத்திருந்தது அணைக்கரை ஏரி. டயர்க்கடைக்காரரின் நாய் சுறா ஞாயிறு தவறாமல் அங்கே போகும். திங்கள் வரும்போது கழுத்திலிருந்து வால் வரை வெள்ளை மணல். சலித்து எடுத்த மாதிரி. ஒரு பொட்டுச் சேறு இருக்காது. மணல் கரை, மணல் தரை, மெதுவான சரிவு என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தேன். முதல்முதலாகப் பார்க்கப்போகும் ஏரி அழகாக இருக்கட்டும் என்று எனக்காகவும் ஒளித்து வைத்திருந்தேன்.

அக்காவின் சின்னக் காரில் பின் இருக்கை மூட்டைக்கு. அவன் முன்னே தலையை நீட்டி என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டான். ஊர் தாண்டியதும் அக்கா தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். நாள் முழுக்க ரத்தம் எடுக்கும் வேலை.

"ஊசியைப் பாத்ததும் எல்லாரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க. ஒருநாளைக்கு அம்பது பேர் காதைப் பாக்கறேன். உன்னை மாதிரி முகத்தைப் பாத்துக் கேக்கற ஆள் எனக்கு வேற யாரு?"

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். நேராகப் பார்த்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் போலிருந்தது. சொல்லாமலிருந்தால் இந்தக் கார் இப்படியே போய்க்கொண்டிருக்கும்.

ஏரி வாசலில் பலகை இருந்தது. நாய்களுக்கு அனுமதி உண்டு, கயிற்றோடு. அக்கா வண்டியை நிறுத்திவிட்டு, "ம், எந்தப் பக்கம் இறங்கணும்?" என்றாள்.

மரங்களுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்த பக்கம் கையைக் காட்டினேன். நடந்தோம். கிட்டப் போனால் அது கரையில்லை. வலை கட்டி, லாரியில் கொண்டுவந்து மணல் கொட்டிய பந்து மைதானம்.

"நாயை இதுல விடாதீங்க!" என்று காவல்காரர் கத்திக்கொண்டே வந்தார். "ஏற்கெனவே அந்த டயர்க்கடைக்காரர் நாய் ஒண்ணு வாரா வாரம் படகுத்துறையிலேர்ந்து குதிச்சுட்டு, ஈரத்தோட ஓடிவந்து இதுலதான் புரளுது. சொன்னா அந்த ஆளு கேக்கறதே இல்ல."

ஏரி அவருக்குப் பின்னால் இருந்தது. சுற்றிலும் கல் பதித்த செங்குத்துக் கரை. ஒரே ஓர் இடத்தில் படகு இறக்கும் சிமெண்டுச் சரிவு.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ வந்தப்ப இப்படி இல்லையோ? அப்புறம் கட்டிட்டாங்க போல."

அவளே எனக்கு ஒரு பொய்யைச் செய்து கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

"சரி, இந்தச் சரிவுல இறக்கலாமா? வழுக்காது இல்ல? நீ சொன்னா சரி."

சிமெண்டு தண்ணீரைத் தொடும் இடத்தில் பச்சையாக ஒரு பாசிப் பட்டை ஓடியது. அந்தப் பச்சையை எத்தனை நகங்களிலிருந்து சுரண்டியிருக்கிறேன். விரலில் பட்டாலே நழுவும். வழுக்கும் என்று சொல்லலாம். சொன்னால், அப்படியானால் ஏன் இங்கே கூட்டிவந்தாய் என்று கேட்பாள். அதிலிருந்து ஒவ்வொன்றாக எல்லாம் வெளியே வரும்.

தலையாட்டினேன்.

மூட்டை நான்கு அடி இறங்கினான். ஐந்தாவது அடியில் பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கமாக விரிந்தன. அவன் கத்தினான். நாய் கத்துவது போலில்லை. அப்படியே வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனான். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னாலேயே பாய்ந்து அவன் மார்பைத் தாங்கிப் பிடித்தாள்.

"வா, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடி! சீக்கிரம்! நீதான் நீந்துவியே!"

நான் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கினேன். இடுப்பு, வயிறு, மார்பு. அதற்கு மேல் கால் எங்கே நிற்கும் என்று தெரியவில்லை. மூட்டையின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் அவனைப் பிடித்தேனா, அவனைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேனா, தெரியாது.

"இன்னும் ரெண்டடி இந்தப் பக்கம் வா."

"அக்கா, எனக்கு நீந்தத் தெரியாது."

"என்னது?"

"தெரியாது. நான் பாக்கற முதல் ஏரியே இதுதான்."

விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"அப்ப மரப்பாலத்து ஏரி?"

"நாய்ங்க மேல இருந்த அழுக்கைப் பாத்துச் சொன்னேன்."

"போன மாசம் ஆழமே இல்லைன்னு சொன்னியே, அது?"

"அதுவும்தான்."

"அழுக்கைப் பாத்து" என்றாள். "நீ சொன்னேன்னு இவனை விட்டுட்டு நான் கண்ணை மூடிக்கிட்டு மிதந்தேன் அங்க." அவள் குரல் உயரவே இல்லை. "தெரியாது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்றதுக்கு என்ன?"

சொல்லியிருந்தால் நீங்கள் அந்த ஷாம்பூ கேனில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். டீச்சர் எழுப்பிவிட்டது போல் அப்படியே நின்றேன்.

"சரி, அங்கேயே நில்லு. அசையாத" என்று சொல்லிவிட்டுக் காவல்காரரைக் கூப்பிட்டாள். அவர் பலகையும் கயிறும் எடுக்க ஓடினார்.

அவர் வரும்வரை நின்றோம். மேல் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே வேறு ஒரு தண்ணீர், அவ்வளவு குளிர்ச்சியாக, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு ஏரிக்குள் இரண்டு ஏரி இருப்பதை எந்த நாயும் எனக்குக் கொண்டுவந்து தந்ததில்லை. அக்கரையில் யாரோ சிரித்தது பக்கத்தில் சிரித்தது போல் கேட்டது. அப்போது என் கைகளுக்குள் மூட்டையின் பின்னங்கால்கள் அசைந்தன. வலது, இடது, வலது. அவன் அழுவதை நிறுத்திவிட்டு நீந்திக்கொண்டிருந்தான். அக்கா இதைப் பார்க்கவேண்டும் என்று தவித்தேன். வாரா வாரம் அவள் எனக்குச் சொல்லுவாளே, அதைப்போல நான் அவளுக்குச் சொல்ல இந்த ஒன்று இருந்தது. அவள் படகுத்துறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் குளிர்ந்த தண்ணீரில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும் என்று இருந்தது. அவன் வலியோடு இருக்கும்போது அப்படி நினைத்தது தப்புதான். ஆனாலும் நினைத்தேன்.

மூன்று பேருமாக மூட்டையைப் பலகையில் ஏற்றி மேலே இழுத்தோம். அக்கா முட்டி போட்டு அவன் இடுப்பை விரல்களால் தடவித் தடவிப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான். ஒரு காலைத் தரையில் ஊன்றவில்லை. "எலும்பு ஒண்ணும் ஆகலைம்மா, சுளுக்குதான்" என்றார் காவல்காரர். அவருக்கு அதெல்லாம் தெரியுமா என்று அக்கா கேட்கவில்லை. தெரியும் என்று சொல்கிறவர்களை அவள் அன்றைக்கு நம்பவில்லை போலும்.

காருக்கு வந்ததும் பெரிய துண்டை என் பக்கமாகப் போட்டாள். சின்னதை அவள் வைத்துக்கொண்டாள். வழியில் டாக்டருக்குப் போன் செய்து, என்னை இறக்கிவிட்டு நேராகக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னாள். மூட்டை பின்னால் படுத்திருந்தான். என் தோள் காலியாக இருந்தது. நோட்டைக் காட்டலாம், எந்தப் பக்கத்தில் எது எப்படித் தெரிந்தது என்று விளக்கலாம், இனிமேல் தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன் என்று சொல்லலாம் என்று ஒவ்வொரு மைல்கல்லிலும் நினைத்தேன். அடுத்த மைல்கல் வந்துவிடும்.

கடைத் தெருவில் வண்டி நின்றது. அவள் எஞ்சினை அணைக்கவில்லை. நான் இறங்கி, துண்டை மடித்து இருக்கையில் வைத்தேன். கதவை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, அவன் நீந்தினான்" என்றேன். "காலை மாத்தி மாத்தி. என் கையில தெரிஞ்சுது."

அக்கா முன் கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கமாகக் குனிந்து, கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினாள்.

கார் தெருமுனை வரை போய் நின்றது. நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். குறுக்கே ஒரு சைக்கிள் கடந்தது. அதற்கு வழிவிட்டு, கார் திரும்பிப் போய்விட்டது.