மூன்று மில்லிமீட்டர்

...யார் இப்போது யார் முகத்தைப் பார்க்கிறார்கள், ஆளுக்கொரு வெளிச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்குள் தலையைக் கவிழ்த்துக் கிடக்கிறார்கள், துணைக்கு வந்த என் மகளும் அப்படித்தான், எனக்கு வெளிச்சமே ஆகாது என்று கறுப்புத் திரை போட்டு அடைத்து வைத்திருக்கும் இந்த அறையிலும் அவள் கன்னத்தில் போன் வெளிச்சம்... அந்த டாக்டர் மட்டும் என்ன, குடலின் கடைசியில் கட்டி என்று சொன்னபோதுகூட கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சொன்னான். அறுக்க முடியாதாம், என் நெஞ்சு மயக்க மருந்தைத் தாங்காதாம், அதனால் ரத்தத்தில் ஒரு மருந்தை ஏற்றி, இரண்டு நாள் இருட்டில் வைத்து, அது கட்டியில் போய்ச் சேர்ந்ததும் பின்வழியாகக் குழாயை விட்டுச் சிவப்பு வெளிச்சம் அடிப்பார்களாம், வெளிச்சம் பட்டால் மருந்து விழித்துக்கொண்டு கட்டியைக் கொல்லுமாம். வெளிச்சத்தைப் பற்றி எனக்கே பாடமா? நாற்பத்தோரு வருஷம் வெல்டிங் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவன். “கொடல் செவுரு எத்தன தடிமன்?” என்று கேட்டேன். “மூணு மில்லிமீட்டர் இருக்கும், ஏன் ஐயா?” ஏனா? அந்தத் தடிமன் தகட்டில் வெல்டிங் பிடிக்கிற கை ஒரு நொடி கூடுதலாக நின்றால் ஓட்டை விழும், தண்ணீர்த் தொட்டி என்றால் மேலே ஒரு துண்டு வைத்து அடைத்துவிடலாம், குடலில் விழுந்தால் எதை வைத்து அடைப்பான்? சிரித்தான். “இது சூடே இல்லாத வெளிச்சம் ஐயா, கெட்டத மட்டும்தான் தொடும்.” நல்லது கெட்டது தெரிந்த வெளிச்சம்! மனுஷனுக்கே தெரியவில்லை...

இன்று இரண்டாம் நாள். மகள் ஏதோ காகிதம் வாங்க வெளியே போயிருந்தாள். நான் ஒருநாளும் வெல்டிங் ராடை நேராக வேலைமேல் வைத்தவன் இல்லை, முதலில் ஒரு கழிவு இரும்புத் துண்டில் இழுத்துப் பார்ப்பேன், சூடு சரியா, துளைக்கிறதா என்று... இங்கே கழிவுத் துண்டுக்கு எங்கே போவது? இடது சுண்டுவிரல் இருந்தது, எப்போதோ இரும்புக்கு அடியில் நசுங்கி மடங்காமல் போனது. திரையை ஓரமாக விலக்கி, மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக வந்த மதிய வெயிலில் அதை நீட்டினேன். பத்து எண்ணுவதற்குள் சுருக்கென்றது, ஐம்பதில் நெருப்பு, அதுவும் நான் பட்ட நெருப்புப் போல மேலே சுடவில்லை, உள்ளே இருந்து கிளம்பி வந்தது... பல்லைக் கடித்துக்கொண்டு நூறு வரை வைத்திருந்தேன். உள்ளே வந்த நர்ஸ் ஓடிவந்து திரையை இழுத்தாள்.

“தாத்தா, என்ன பண்றீங்க! எத்தன தடவ சொன்னேன்?”

“சூடே இல்லன்னானே உங்க டாக்டர். இந்த வெரலுக்கு என்ன வந்துச்சு, புத்துநோயா?”

“மருந்து தோல்லயும் கொஞ்ச நாள் இருக்கும் தாத்தா, கட்டியிலதான் அதிகமா...”

அதிகமாவாம். டாக்டர் சொன்ன ‘மட்டும்தான்’ எங்கே போயிற்று? அரை மணியில் கூப்பிடுவோம் என்று விரலில் ஈரத்துணி சுற்றிவிட்டுப் போனாள், மகள் காகிதமும் பேனாவுமாக வந்தாள், “சம்மதம்னு ஒரு கையெழுத்துப்பா.” “நீயே போட்டுக்க, ஓட்ட விழுந்தா நீயே அடச்சுக்க.” “வேற வழி என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க.” கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், எத்தனை நாளுக்குப் பிறகு... வழி இல்லைதான், கட்டி அடைத்துக்கொண்டால் வயிறு வீங்கிச் சாக வேண்டியதுதான், அது எனக்கும் தெரியும். கையெழுத்துப் போடாமலே, தோள்துண்டைத் தலையோடு முகத்துக்குச் சுற்றிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தேன். வெளிச்சம் அடிக்கும் அறை திறந்து கிடந்தது, எட்டிப் பார்த்தேன், ராடைவிட மெல்லிய ஒரு கம்பி, நுனியில் ஊதாத கங்கு மாதிரி ஒரு சிவப்புப் பொட்டு, இதுவா? “அப்பா, அந்தப் பக்கம் வெயிலுப்பா, எரியும்!” எரியும், அதுதான் தெரிந்துவிட்டதே, விரல் எரிகிறது என்றால் மருந்து பொய் இல்லை, விரலே இந்தப் பாடு படுகிறது என்றால் கட்டி என்ன பாடு படும்... ஆனால் கழிவுத் துண்டில் ஒழுங்காகப் பிடித்த ராடு தொட்டியில் ஓட்டை போட்டதை நான் பார்த்ததில்லையா? விரலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிழல் இருந்த சுவரோரமாகவே நடந்தேன், நிழல் ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும்தான் இருந்தது...