பந்தல்காலுக்குப் போன பாரம்

ஆலாந்துறைக்கு மேற்கே, மலையடிவாரத்து மேட்டுக்காட்டில் எரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு பாதிச் சரிவு ஏறியபோது டிராக்டரின் முன்சக்கரங்கள் நிலத்தை விட்டு எழுந்தன. கீதா கிளட்ச்சை மிதித்தாள். மூக்குப்பகுதி திம்மென்று தரையில் விழுந்தது. வண்டி பின்னால் உருளுமுன் பிரேக்கையும் அழுத்தினாள். ஒரு நொடி தாமதித்திருந்தால் வண்டி மல்லாந்து அவள்மேலேயே கவிழ்ந்திருக்கும்.

அங்குலம் அங்குலமாகச் சமதளத்துக்கு இறக்கி, முன்னால் வந்து பார்த்தாள். மேடேறும்போது மூக்கு எழாமலிருக்க முன்புறம் மாட்டும் இரும்புக் கட்டிகளில் ஒன்றுகூட இல்லை. பார்க்காமல் ஏறியது அவள் பிழை. அதை அவள் மறுக்கவில்லை. ஆனால், பிழை அங்கே தொடங்கவில்லை.

கட்டிகள் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவும் தேவையிருக்கவில்லை. ஆனிக்காற்றில் கலியாணம் வைக்கிறவர்கள், பந்தல்காலுக்குப் பாரம் தேடி முதலில் பார்ப்பது டிராக்டரின் மூக்கைத்தான்.

எரு ஏற்றிய டிரெய்லரைக் கழற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கணவனின் அண்ணன் தம்பிதுரை வீட்டுக்கு வண்டியை விட்டாள். மறுநாள் அவர் மகளுக்குக் கலியாணம். வாசல் பந்தலில் காலுக்கொரு கட்டி கயிற்றில் கட்டியிருந்தது, குங்குமம்கூட இட்டிருந்தார்கள்.

"வா கண்ணு. சாப்டயா?"

"கட்டியெல்லாம் எடுக்க வந்தேனுங்க மாமா."

"கலியாணம் முடியட்டும் கண்ணு. காத்து பந்தலையே தூக்கிப்போட்டுரும்."

"இப்பத்தான் வண்டி என்னையத் தூக்குச்சுங்க."

வாழையிலைக் கட்டோடு வந்த அவள் கணவன் ரங்கராஜ் சிரித்தான். "நாந்தான் குடுத்தேன். சொல்ல மறந்துபோட்டேன். இதுக்குப் போயி..."

"தப்பில்லீங்க," என்றாள் கீதா. குரல் உயரவில்லை. "வண்டி வெளிய நிக்குதுங்க. டிரெய்லர மாட்டி, நீங்க மேட்டுக்காடு ஏறிப்போட்டு வாங்க. அதுவரைக்கும் பந்தக்கால நான் புடிச்சுக்கறேன்."

ரங்கராஜ் இலைக்கட்டைக் கீழே வைத்தான். வண்டிப் பக்கம் போகவில்லை.

"போங்க. உங்க வண்டிதானுங்களே."

அவன் உட்கார்ந்து இலைக்கட்டின் நாரை இறுக்கினான்.

கீதா குனிந்து முதல் கயிற்றை அவிழ்த்தாள். பந்தல் துணி படபடத்து எழ, ரங்கராஜ் ஓடிவந்து காலைப் பிடித்தான். அடுத்த காலைத் தம்பிதுரை பிடித்தார். அவள் கட்டி கட்டியாகச் சுமந்து போய் மாட்டினாள். கடைசிக் கட்டியைப் பூட்டும் ஊசியைச் செருகியபோது, உறவுமுறை மொத்தமும் ஆளுக்கொரு காலைக் கட்டிப்பிடித்து நின்றிருந்தது.

முன்புறத்தை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு ஏறினாள்.

"முகூர்த்தத்துக்கு வாரேனுங்க மாமா. கெட்டியாப் புடிச்சுக்குங்க."